செத்தவருக்கு வாய்தா

கார்சியா த ஓர்த்தா கோவாவில் 1568-இல் இறந்தார். போர்த்துக்கீசிய வைத்தியர். இந்திய மருந்துச் சரக்குகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1563-இல் கோவாவிலேயே அச்சாகி, பிறகு ஐரோப்பாவிலும் படிக்கப்பட்டது. உயிரோடு இருந்தவரை சமய விசாரணை மன்றம் அவர்மேல் கைவைக்கவில்லை. அவர் இறந்த மறு ஆண்டே அவருடைய சகோதரியை எரித்துக் கொன்றார்கள். 1580-இல் அவருடைய முறை வந்தது. வெளியே கிறிஸ்தவராக நடித்து உள்ளே யூதராக வாழ்ந்தார் என்று தீர்ப்பாயிற்று. கல்லறையைத் தோண்டி எலும்புகளை எடுத்துத் தீயில் போட்டார்கள்.

ஆத்திரத்தில் ஒரு கும்பல் செய்த காரியமல்ல இது. வாக்குமூலங்கள் எழுதப்பட்டன, மன்றம் கூடியது, தீர்ப்பு வாசிக்கப்பட்டது. குற்றவாளி மட்டும் மண்ணுக்கடியில் இருந்தார். இறந்தவர்மேல் வழக்கு நடத்தலாமா என்று இன்று யாராவது கேட்டால் சிரிப்போம். அன்றைய ஐரோப்பாவில் சட்டம் படித்தவர்கள் சிரித்திருக்கமாட்டார்கள். எந்தெந்தக் குற்றத்துக்கு நடத்தலாம், பிணத்தின் சார்பில் பதில் சொல்வது யார், சொத்து யாருக்குப் போகும் என்பவைதான் அவர்களுடைய கேள்விகள்.

இத்தகைய வழக்குகளில் பெரிய கூத்து ரோமில் 897 ஜனவரியில் நடந்தது. போப் ஃபார்மோசஸ் இறந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அப்போது போப்பாக இருந்த ஸ்டீவன் உடலைத் தோண்டி எடுக்கச் சொன்னார். அழுகிய உடலுக்குப் போப்பின் அங்கிகளை உடுத்தி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் ஒரு திருத்தொண்டரை நிறுத்தி, பிணத்தின் சார்பில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். கேள்வி கேட்பவர் போப், கேட்கப்படுபவர் பிணம், நடுவில் இந்த இளநிலை ஊழியர். அவர் என்னதான் சொல்லியிருப்பார்! எதிர்த்துப் பேசினால் அடுத்த நாற்காலி தனக்கு என்பது தெரியாதவரா அவர்?

முக்கியமான குற்றச்சாட்டு இன்று நமக்கு அற்பமாகப்படும். போர்த்தோ என்ற ஊரின் ஆயராக இருந்தவர் அதை விட்டு ரோமின் ஆயர் பதவிக்கு வந்தது தவறு. ஓர் ஆயர் தன் மறைமாவட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகக் கூடாது என்பது அக்கால விதி. அதோடு, செய்துகொடுத்த சத்தியத்தை மீறினார் என்பது இன்னொன்று. ஃபார்மோசஸ் குற்றவாளி என்று தீர்த்தார்கள். அவர் செய்த நியமனங்கள் எல்லாம் செல்லாது என்றார்கள். ஆசீர்வதிக்க உயர்த்திய வலக்கை விரல்கள் மூன்றையும் வெட்டினார்கள். கடைசியில் உடல் டைபர் ஆற்றில் போடப்பட்டது.

இந்த வழக்கில் ஸ்டீவனுக்கு என்ன லாபம்? வரலாற்றாசிரியர்கள் ஸ்பொலேட்டோ பிரபுக் குடும்பத்தின் பகையைச் சொல்வார்கள், அது உண்மைதான். ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு. ஸ்டீவனும் முன்பு அனாக்னி என்ற ஊரின் ஆயராக இருந்து ரோமுக்கு வந்தவர்தான். அதாவது ஃபார்மோசஸ் செய்த அதே தவறு. அவரை அனாக்னிக்கு ஆயராக்கியவர் யார் என்றால், ஃபார்மோசஸ். ஃபார்மோசஸின் நியமனங்கள் செல்லாது என்று ஆகிவிட்டால் ஸ்டீவன் அனாக்னியில் ஆயராகவே இருந்ததில்லை. இருந்ததில்லை என்றால் விட்டு வந்த குற்றமும் இல்லை. செத்தவரைத் தண்டித்ததில் இருப்பவரின் பதவிக்குப் பட்டா கிடைத்தது.

அந்தப் பட்டா ஆறேழு மாதம்தான் செல்லுபடியானது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஸ்டீவனைப் பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் போட்டு, கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். அடுத்து வந்தவர்கள் ஃபார்மோசஸின் உடலை மரியாதையோடு மறுபடி அடக்கம் செய்தார்கள். 898-இல் போப் ஒன்பதாம் யோவான் கூட்டிய மன்றம், பிண விசாரணையை ரத்து செய்ததோடு இறந்தவர்களை இனி விசாரிக்கவே கூடாது என்றும் தடை போட்டது. சில ஆண்டுகளில் போப்பாக வந்த மூன்றாம் செர்ஜியஸ் ஃபார்மோசஸுக்கு எதிரான தீர்ப்பையே மறுபடி தூக்கிப் பிடித்தார். பிற்காலத்திலும் இது நிற்கவில்லை. 1384-இல் இறந்த ஆங்கிலேய அறிஞர் ஜான் விக்லிஃபை 1415-இல் கான்ஸ்டன்ஸ் நகரத்தில் கூடிய திருச்சபை மன்றம் குற்றவாளி என்றது. 1428-இல் எலும்புகளைத் தோண்டி எரித்துச் சாம்பலை ஆற்றில் கரைத்தார்கள். தடை ஏட்டில்தான் இருந்தது.

ஸ்காட்லாந்தில் காரணம் இன்னும் பச்சையானது. அங்கே ராஜதுரோகக் குற்றத்துக்குச் சொத்தைப் பறிக்க வேண்டுமானால் குற்றவாளி மன்றத்தில் நேரில் இருக்க வேண்டும். செத்தாலும் நேரில் வர வேண்டும். 1600-இல் மன்னர் ஜேம்ஸைத் தாக்க முயன்றதாகக் கொல்லப்பட்ட ரூத்வென் சகோதரர்களின் உடல்களைப் பதப்படுத்தி வைத்து, நவம்பரில் நாடாளுமன்றத்தின் முன் கொண்டுவந்து விசாரித்து, பிறகு தூக்கிலும் போட்டார்கள். அதே சதியில் பங்கு என்று ராபர்ட் லோகன் என்பவரின் பெயர் பிற்பாடு அடிபட்டபோது அவர் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. 1609-இல் அவருடைய எலும்புகள் நீதிமன்றத்துக்கு வந்தன. பாதிக்கப்பட்டது எலும்பல்ல, வாரிசுகள்.

பிரான்ஸ் இதை முறையாகச் சட்டமாக்கியது. பதினான்காம் லூயி 1670-இல் பிறப்பித்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருபத்திரண்டாவது அதிகாரம் முழுக்க இதற்குத்தான். கடவுளுக்கோ மன்னருக்கோ எதிரான துரோகம், வாட்சண்டை, தற்கொலை, அதிகாரிகளை ஆயுதத்தோடு எதிர்த்துச் சாவது ஆகியவற்றில் இறந்தவர்மேல் வழக்கு நடத்தலாம். உடல் இருந்தால் உடலுக்கும், இல்லாவிட்டால் அவருடைய நினைவுக்கும் நீதிபதி ஒரு பிரதிநிதியை நியமிக்க வேண்டும். உறவினர் யாராவது முன்வந்தால் அவருக்கே முன்னுரிமை. பிரதிநிதிக்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். சத்தியப் பிரமாணம் எடுக்க வேண்டும். தீர்ப்பு பாதகமானால் மேல்முறையீடு செய்யலாம். பிரதிநிதி தயங்கினால் உறவினர்கள் அவரைக் கட்டாயப்படுத்தி மேல்முறையீடு செய்யவைக்கலாம், செலவுப் பணத்தை முன்னால் கட்டினால். இந்தக் கடைசி நிபந்தனையைப் படிக்கும்போது பிரான்ஸ் நமக்கு அவ்வளவு தூரமில்லை என்று தோன்றுகிறது.

விளைவு கொடூரமானது. தற்கொலை செய்துகொண்டவரின் உடலை மரச்சட்டத்தில் கட்டி, முகம் தரையைப் பார்க்கத் தெருவில் இழுத்துப்போய்க் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள், உடைமைகள் பறிபோயின. துக்க வீட்டுக்காரர்கள் ஒரே வாரத்தில் ஆளையும் இழந்து கூரையையும் இழப்பார்கள். இருந்தாலும் அந்த அதிகாரத்தை எழுதியவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கிறது. செத்தவர் பேசமாட்டார், அவருக்காகப் பேச ஒருவர் வேண்டும், பேசும் முதல் உரிமை குடும்பத்துக்கு. நாகரிகமான நம் காலத்து நீதிமன்றம் ஒன்று இந்த அளவைக்கூட எட்டவில்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

இந்த வழக்கத்தைச் சாய்த்தவர்களில் ஒருவர் மிலான் நகரத்துச் சிந்தனையாளர் பெக்காரியா. தற்கொலைக்கு விதிக்கும் தண்டனை உணர்ச்சியற்ற உடல்மீது விழுகிறது, இல்லையென்றால் பாவமறியாத பிள்ளைகள்மீது விழுகிறது என்று 1764-இல் அவர் வாதிட்டார். 1790 ஜனவரியில் பிரெஞ்சுப் புரட்சியின் தேசிய மன்றம் அதைச் சட்டமாக்கியது. குற்றம் செய்தவரோடு நிற்கும், குடும்பத்துக்குக் களங்கமில்லை, சொத்துப் பறிமுதல் கிடையாது. சொத்துப் பறிமுதலை எடுத்துவிட்டதும் செத்தவரை விசாரிப்பதில் அரசுக்கு இருந்த ஆசை பெரும்பாலும் போய்விட்டது. தத்துவத்தைவிட இந்த ஏற்பாடுதான் அதிக வேலை செய்தது என்பது என் கணிப்பு.

இன்று உலகத்தின் பெரும்பாலான நாடுகளில் விதி எளிது. குற்றம் சாட்டப்பட்டவர் இறந்தால் வழக்கு முடிந்தது. யூகோஸ்லாவியாவின் முன்னாள் அதிபர் மிலோசெவிச்சின் போர்க்குற்ற வழக்கு ஹேக் நகரத்தில் 2002 பிப்ரவரியில் தொடங்கி நான்கு ஆண்டுகள் நடந்தது. 2006 மார்ச் 11 அன்று அவர் சிறையில் இறந்துகிடந்தார். கட்டை அவிழ்க்காத கோப்பைப்போல எல்லாம் அப்படியே மூடப்பட்டது. அமெரிக்காவில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். என்ரான் நிறுவனத்தின் தலைவராக இருந்த கென்னத் லே மோசடி வழக்கில் குற்றவாளி என்று 2006 மே மாதம் ஜூரி சொன்னது. தண்டனை அறிவிக்குமுன் ஜூலையில் மாரடைப்பு. மேல்முறையீடு செய்யும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை என்பதால் அக்டோபரில் நீதிபதி தீர்ப்பையே அழித்தார். சேமிப்பை இழந்த ஊழியர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டத்தின் கண்ணில் அவர் குற்றமே சாட்டப்படாதவர்போல ஆனார்.

தெரியாமலே ஒரு பிணத்தை விசாரித்த கதையும் இருபதாம் நூற்றாண்டில் உண்டு. ஹிட்லரின் செயலர் மார்ட்டின் போர்மன் தலைமறைவு என்று கருதி நியூரம்பர்க் மன்றம் அவர் இல்லாமலே விசாரித்து 1946 அக்டோபர் 1 அன்று மரணதண்டனை விதித்தது. 1972-இல் பெர்லினில் தோண்டும்போது எலும்புகள் கிடைத்தன. 1998-இல் மரபணுச் சோதனை உறுதி செய்தது. 1945 மே மாதமே போர்மன் இறந்திருந்தார்.

சரி, செத்தவரைத் தண்டிக்க வேண்டாம். செத்தவரை விடுவிக்கலாமா? இங்கே உலகம் முழுக்க வேறு விதி. கோவலன் கொல்லப்பட்டபின் அவன் கள்வனல்ல என்று அரசவையில் நிரூபித்த கண்ணகியை அறிந்த நமக்கு இது விளங்கும். 1431-இல் எரிக்கப்பட்ட ஜோன் ஆஃப் ஆர்க்கின் தாய் 1455 நவம்பரில் பாரிஸ் பெருங்கோயிலுக்கு வந்து மகளின் வழக்கைத் திறக்கும்படி கேட்டார். மறு ஆண்டு ஜூலையில் பழைய தீர்ப்பு ரத்தானது. இங்கிலாந்தில் 1953-இல் தூக்கிலிடப்பட்ட டெரெக் பென்ட்லியின் தண்டனையை 1998-இல் மேல்முறையீட்டு மன்றம் அழித்தது. அமெரிக்காவில் 1944-இல் பதினான்கு வயதில் மின் நாற்காலிக்கு அனுப்பப்பட்ட ஜார்ஜ் ஸ்டின்னியின் தண்டனை 2014-இல் நீக்கப்பட்டது. விடுவிக்கும் கதவு திறந்திருக்கும், தண்டிக்கும் கதவு மூடியிருக்கும். ஒருதலைப்பட்சம்தான். ஆனால் நியாயமான ஒருதலைப்பட்சம்: ஆள் இல்லாத வழக்கில் அரசுக்கு எல்லா வசதியும் உண்டு, இறந்தவருக்கு ஒன்றுமில்லை.

ரஷ்யா அந்த விடுவிக்கும் கதவின் வழியாகவே உள்ளே போய்த் தண்டித்தது. செர்கேய் மாக்னிட்ஸ்கி மாஸ்கோவில் வேலை பார்த்த வரி ஆலோசகர். அதிகாரிகள் சேர்ந்து அரசுப் பணத்தைச் சுருட்டியதாகச் சாட்சி சொன்னார். அவரையே வரி ஏய்ப்பு வழக்கில் கைது செய்தார்கள். 2009 நவம்பர் 16 அன்று, விசாரணைக் கைதியாக இருக்கும்போதே, 37 வயதில் சிறையில் இறந்தார். வழக்கு முடிந்தது. 2011-இல் ரஷ்ய அரசியல் சாசன நீதிமன்றம், இறந்தவரின் பெயரில் உள்ள களங்கத்தைத் துடைக்க உறவினர்கள் விரும்பினால் வழக்கைத் தொடர வாய்ப்புத் தர வேண்டும் என்று வேறொரு வழக்கில் சொல்லியிருந்தது. நல்ல தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் மாக்னிட்ஸ்கி வழக்கை அரசு மறுபடி திறந்தது.

குடும்பம் கேட்கவில்லை; வேண்டாம் என்று மறுத்தது. தாய் விசாரணையில் பங்கெடுக்கவில்லை. அரசே வழக்கறிஞர்களை நியமித்தது. மாஸ்கோவின் ட்வெர்ஸ்கோய் மாவட்ட நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டு வெறுமையாக இருந்தது. 2013 ஜூலை 11 அன்று மாக்னிட்ஸ்கி குற்றவாளி என்று தீர்ப்பு. பிரெஞ்சு மன்னரின் 1670-ஆம் ஆண்டுச் சட்டத்தில் உறவினருக்கு முன்னுரிமை இருந்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2019 ஆகஸ்டில், இறந்தவரைத் தண்டித்த விசாரணை நியாயமான விசாரணையாக இருக்கவே முடியாது என்று ரஷ்யாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

பாரிஸில் ஒரு தாய் வந்து திறக்கச் சொன்னார். மாஸ்கோவில் ஒரு தாய் வேண்டாம் என்று சொல்லியும் திறந்தார்கள். அன்றையதையும் இன்றையதையும் எடைபோட எனக்கு இந்த இரண்டு கேள்விகள் போதும்: வழக்கை யார் கேட்டார், பதில் சொன்னவர் யாருடைய ஆள். ஸ்டீவன் போப்பும் புதினின் ரஷ்யாவும் இந்தக் கேள்விகளில் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். காலம் மாறியதால் மட்டும் எதுவும் மேம்பட்டுவிடவில்லை.

மேம்பட்டது வேறு இடத்தில். இறந்தவரைக் கூண்டில் ஏற்றாமல், புகார் சொன்னவர்களைச் சாட்சி மேடையில் ஏற்ற வழி தேடத் தொடங்கியிருக்கிறார்கள். ஸ்பெயினில் 2008 அக்டோபரில் நீதிபதி பல்தஸார் கார்ஸோன், 1975-இல் இறந்த சர்வாதிகாரி ஃப்ராங்கோ மீதும் அவருடைய கூட்டாளிகள் மீதும் விசாரணை தொடங்கினார். கேட்டவர்கள் உள்நாட்டுப் போரிலும் பிறகும் காணாமல் போனவர்களின் குடும்பத்தார். காணாமல் போனோர் 1,14,000-க்கும் மேல் என்று அவருடைய ஆணை கணக்குச் சொன்னது. ஃப்ராங்கோ இறந்ததற்கு முறையான சான்றிதழ் கேட்டு அவர் எழுதியபோது பத்திரிகைகள் கேலி செய்தன. ஒரு மாதத்தில், குற்றவாளிகள் இறந்துவிட்டதால் தன் கையில் அதிகாரமில்லை என்று அவரே கோப்பைக் கீழ் நீதிமன்றங்களுக்கு அனுப்பிவிட்டார். அதிகார வரம்பை மீறியதாகப் பிறகு அவர்மேல் வழக்கு வந்து 2012-இல் விடுதலையானார். செத்த ஃப்ராங்கோவைத் தொட முயன்றதில் கூண்டேறியவர் நீதிபதி ஒருவர்தான்.

நியூயார்க்கில் நடந்தது எனக்கு இதைவிடப் பிடித்திருக்கிறது. பாலியல் குற்ற வழக்கில் விசாரணைக்காகக் காத்திருந்த ஜெஃப்ரி எப்ஸ்டீன் 2019 ஆகஸ்ட் 10 அன்று சிறையில் இறந்தார். வழக்கை முடிக்கும்படி அரசுத் தரப்பு மனு கொடுத்தது. ஒரு பக்க ஆணையில் முடிந்திருக்க வேண்டிய வேலை. நீதிபதி ரிச்சர்ட் பெர்மன் அப்படிச் செய்யவில்லை. ஆகஸ்ட் 27 அன்று நீதிமன்றத்தைக் கூட்டி, பேச விரும்பும் பெண்கள் பேசலாம் என்றார். இருபதுக்கும் மேற்பட்டவர்களின் வாக்குமூலங்கள் நீதிமன்றப் பதிவில் ஏறின. சிலர் நேரில் வந்தார்கள். சிலருக்காக வழக்கறிஞர் வாசித்தார். எவரையும் குற்றவாளி என்று சொல்லவில்லை. அதன்பிறகே வழக்கை முடித்தார். இறந்தவருக்கு இதில் என்ன அநியாயம் நடந்தது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை.

மாசசூசெட்ஸ் மாநிலம் அதே ஆண்டு இன்னொன்றைச் சரிசெய்தது. கொலை வழக்கில் ஆயுள்தண்டனை பெற்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் ஆரன் ஹெர்னாண்டஸ் மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது 2017-இல் சிறையில் தற்கொலை செய்துகொண்டார். பழைய விதிப்படி தண்டனை அழிந்தது. 2019 மார்ச்சில் மாநில உச்ச நீதிமன்றம் அந்த விதியையே கைவிட்டது. கீழ் நீதிமன்றம் தண்டித்தது, மேல்முறையீடு முடியுமுன் இறந்தார், தண்டனை உறுதி செய்யப்படவுமில்லை, ரத்து செய்யப்படவுமில்லை என்று பதிவேட்டில் எழுதினால் போதும் என்றது. நடந்ததை நடந்தபடி எழுதுவது.

நம் ஊர் வழக்குக்கு இப்போது வரலாம். சொத்துக் குவிப்பு வழக்கில் ஜெயலலிதாவுக்கு 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூர்த் தனி நீதிமன்றம் நான்கு ஆண்டுச் சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. 2015 மே 11 அன்று கர்நாடக உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. உச்ச நீதிமன்றத்தில் அப்பீல் வாதங்கள் 2016 ஜூனில் முடிந்து தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது. டிசம்பர் 5 அன்று அவர் இறந்தார். 2017 பிப்ரவரி 14 அன்று வந்த தீர்ப்பு ஐந்நூறு பக்கத்துக்கு மேல். குற்றம் சாட்டப்பட்டோர் பட்டியலில் முதலாமவர், ஏ1, என்ற முறையில் அவருடைய பங்கு பக்கத்துக்குப் பக்கம் அலசப்பட்டது. உடன் குற்றம் சாட்டப்பட்ட மற்ற மூவரும் அவரோடு சேர்ந்து சதி செய்ததாகச் சிறைக்குப் போனார்கள். அவர்மீதான அப்பீல் மட்டும் மரணத்தோடு முடிந்தது. அபராதத்தையாவது வசூலிக்க வேண்டும் என்று கர்நாடகம் போட்ட மறுஆய்வு மனுவும் தள்ளுபடியானது. அண்ணன் பிள்ளைகள் வாரிசுரிமை கேட்டுத் தொடுத்த மனு எடுபடாமல், பறிமுதலான நகைகளும் நிலப் பத்திரங்களும் 2025 பிப்ரவரியில் பெங்களூரிலிருந்து தமிழக அரசின் கைக்கு வந்தன.

ஆக, சொத்து போனது. தீர்ப்பு மட்டும் இல்லை. அவர் விடுதலையானவராகவே இறந்தார் என்று கட்சிக்காரர்கள் சொல்கிறார்கள். குற்றவாளி என்று எதிர்க்கட்சிக்காரர்கள் சொல்கிறார்கள். இரு தரப்புக்கும் காட்ட ஒரு தாள் இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 394-ஆம் பிரிவு, தண்டிக்கப்பட்டவர் மேல்முறையீட்டுக்கு நடுவில் இறந்தால் நெருங்கிய உறவினர்கள் 30 நாளுக்குள் கேட்டு அதைத் தொடரலாம் என்றது. புதிய சட்டத்திலும் அது இருக்கிறது. ஆனால் விடுதலையை எதிர்த்து அரசு போட்ட அப்பீலுக்கு அது பொருந்தாது.

செத்தவர் பதில் சொல்ல முடியாது என்பதுதான் வழக்கை முடிப்பதற்கான உயர்ந்த காரணம். இந்த வழக்கில் அவர் உயிரோடு இருந்தபோதே அவருடைய வழக்கறிஞர்கள் எல்லாப் பதிலையும் சொல்லி முடித்துவிட்டார்கள். மிச்சமிருந்தது நீதிபதிகள் எழுதுவது மட்டும். எழுதும்போது ஆள் இறந்தால் தண்டனைதான் வீணாகும். தீர்ப்பு ஏன் வீணாக வேண்டும்? உரிமையியல் வழக்குகளில் நம் நாட்டில் 1908-லிருந்தே இதற்கு விதி உண்டு: விசாரணை முடிந்தபின், தீர்ப்பு சொல்லுமுன் ஒரு தரப்பு இறந்தாலும் வழக்கு அறாது, அவர் உயிரோடு இருந்தால் எப்படியோ அப்படியே தீர்ப்பு சொல்லலாம். ஒரு வரப்புத் தகராறுக்குக் கிடைக்கும் அந்த முடிவை ஒரு முதலமைச்சரின் ஊழல் வழக்குக்கும் கிடைக்கச் செய்ய, குற்றவியல் சட்டத்தில் அதே விதியைச் சேர்த்தால் போதும்.